இடதுசாரிகள் வழங்கும் இன்னிசை

என் மாமாவின் இசைக்குழுவில் நான்கு பேர். மூன்று பேர் இடது கைப் பழக்கம் உள்ளவர்கள். டிரம்ஸ் வாசித்தவர் மட்டும் வலது கை. குழுவின் பெயர் ‘தி லெஃப்ட் ஹேண்டர்ஸ்’. நாலாவது ஆளை என்ன செய்வது என்று யாராவது கேட்டால், “மெஜாரிட்டி முடிவு லா” என்பார் மாமா.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே மசாலா அரைக்கும் மில். காலை எட்டு மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கினால் மாலை ஐந்து வரை எங்கள் வீட்டுத் தரை மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். சனிக்கிழமைகளில் குழு எங்கள் முன்னறையில் பயிற்சி செய்தது அந்த இயந்திரத்தை நம்பித்தான். அது ஓடும்வரை அக்கம்பக்கத்தில் யாரும் வந்து சத்தம் என்று சொல்ல முடியாது. மில்லில் மல்லியோ மஞ்சளோ அரைத்தால் முழுப் பாட்டும் உண்டு. மிளகாய் அரைக்கும் நாளில் பாடகர் வாயைத் திறக்க மாட்டார், வெறும் வாத்தியம்தான்.

அந்த வருடங்களில் ஊரில் தெருவுக்கொரு குழு இருந்தது. பெயர் வைப்பதற்கு ஒரு முறையும் இருந்தது. முன்னால் ‘தி’, கடைசியில் ‘ஸ்’, நடுவில் எது வேண்டுமானாலும். ஒரு குழு கண்ணை மூடிக்கொண்டு அகராதியைத் திறந்து, விரல் பட்ட சொல்லை எடுத்துக்கொண்டது. இன்னொன்று சவர பிளேடின் உறையிலிருந்து எடுத்தது. காத்தோங் பக்கத்துக் குழு ஒன்று, பாடகரின் அப்பா ஓட்டிய லாரியில் எழுதியிருந்த பெயரையே வைத்துக்கொண்டது. லாரியை விற்ற பிறகும் பெயர் நிலைத்தது. மாமாவின் குழு முதலில் தேர்ந்தெடுத்த பெயர் ஏற்கெனவே வேறொரு குழுவிடம் இருந்தது. இரண்டாவது பெயரில் பிசாசு வந்தது. மாதா கோயிலுக்குப் போகிற வீட்டில் இதெல்லாம் ஆகாது என்று டிரம்ஸ் வாசித்தவரின் அம்மா சொல்லிவிட்டார்.

மூன்றாவது பெயர் வகுப்பறையிலிருந்து வந்தது. மாமா, பாடகரான மலாய்க்கார நண்பர், இரண்டாவது கிட்டார் வாசித்த சீன நண்பர் மூவரும் தொடக்கப்பள்ளியில் ஒரே வகுப்பு. எழுதும்போது அடுத்த பிள்ளையின் முழங்கையில் இடிக்கிறார்கள் என்று ஆசிரியை இந்த மூன்று பேரையும் ஒன்றாகச் சேர்த்து, வகுப்பின் இடப்பக்க வரிசையில், சுவரோரம் உட்காரவைத்துவிட்டார். படிப்பு முடியும்வரை அங்கேயே இருந்தார்கள். “எங்களச் சேத்துவச்சது மியூசிக் இல்ல, முழங்கை” என்று மாமா சொல்வார்.

டிரம்ஸ் வாசித்தவர் பின்னால் வந்து சேர்ந்தவர். நான் அவரை டிரம் அண்ணன் என்று கூப்பிட்டேன். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. மாதா கோயில் பேண்டு வாத்தியத்தில் டிரம் பழகியவர். நால்வரில் அவர் மட்டும்தான் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். மாமா ஆங்கிலப் பள்ளி. தன் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால் படம் வரைவதுபோல் வரைவார். டிரம் அண்ணன் மற்றவர்களிடம் எல்லோரையும்போலப் பேசிவிட்டு, என்னிடம் மட்டும் வேண்டுமென்றே மேடைத் தமிழ் பேசுவார். “புலவரே, தாகத்துக்குக் குளிர்ந்த நீர் கிட்டுமா?” என்பார். நான் தண்ணீர் கொண்டுவந்தால், “நின் பள்ளி வாழ்க, நின் ஆசிரியை வாழ்க” என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் தருவார்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் வட்டாரச் சமூக நிலையத்தில் கலை நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. மாமாவின் குழு அதுவரை பிறந்தநாள் விருந்துகளிலும் இரண்டு கல்யாண வரவேற்புகளிலும் வாசித்திருந்ததே தவிர, மேடை என்று ஒன்றில் ஏறியதில்லை. ஏறுவதற்கு அனுமதித் தாள் வேண்டும். அதற்காக மாமா மூன்று தடவை அலைந்தார். நீள முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அலுவலகங்களில் படம் போட்டு ஒட்டியிருந்த காலம் அது. முதல் இரண்டு தடவையும் அவர் முறை வருவதற்குள் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். மூன்றாவது தடவை முடியைக் காதுக்கு மேல் வெட்டிக்கொண்டு போனார். இரண்டு வருடம் வளர்த்த முடி. அம்மா எவ்வளவு திட்டியும் வெட்டாதது. அன்று மாலை கையில் விண்ணப்பத்தின் நகலோடு அவர் படியேறி வந்தபோது, அந்த மேடை அவருக்கு எவ்வளவு பெரியது என்று எனக்கே விளங்கியது. அம்மா நண்டு வாங்கிவந்து குழம்பு வைத்தார்.

நிகழ்ச்சி நிரலிலும் வேலியில் கட்டும் துணிப் பதாகையிலும் குழுவின் பெயர் தமிழில் வேண்டும் என்று நிலையச் செயலாளர் கேட்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எழுதிக் கொடுத்தால் போதும், பெயிண்டர் பார்த்து எழுதிவிடுவார் என்றார். மாமா என்னிடம் வந்தார்.

“பாப்பா, லெஃப்ட் ஹேண்டர்ஸுக்குத் தமிழ்ல என்னா?”

“இடது கைக்காரர்கள்.”

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். “அதுக்கு நம்ம வீட்ல வேற பேரு இருக்குல்ல? பீச்சாங்கைக்காரனுங்க. அதையே எழுதிக் குடு. நல்ல நாளும் அதுவுமா மேடையேறிக் காட்டட்டும்.”

சின்ன வயதில் இடது கையால் சோற்றைத் தொட்டதற்காக மாமாவின் புறங்கையில் கரண்டியால் அடித்தவர் அம்மாதான். மாமா இப்போதும் சாப்பிட மட்டும் வலது கை, மற்றதெல்லாம் இடது.

“அக்கா, சும்மா இரு லா,” என்றார் மாமா. பிறகு என்னிடம் குனிந்து, “கை வேணாம் பாப்பா. கைன்னு வந்தாலே நம்மாளுங்களுக்கு அந்த ஞாபகம்தான் வரும். டீசண்டா ஒண்ணு போடு. பேப்பர்ல வர்ற தமிழா இருக்கணும்.”

பேப்பர்த் தமிழ் எனக்கு நன்றாகவே தெரியும். அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, எழுத்தர் வேலை. மாலையில் வீடு திரும்பியதும் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார்; நான் தமிழ்ச் செய்தித்தாளை உரக்கப் படிக்க வேண்டும். ழகரம் தவறினால் கண்ணைத் திறப்பார். சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், “அதெல்லாம் பெரியவங்க விஷயம், அடுத்த வரி படி” என்பார். ஆகவே எனக்கு மிதவாதி, தீவிரவாதி, பிரிவினைவாதி, இடதுசாரி எல்லாரையும் பிழையில்லாமல் உச்சரிக்கத் தெரியும். அவர்கள் யார் என்று தெரியாது.

பெரியவர்கள் பேச்சில் இந்தச் சொற்கள் வந்ததே இல்லை. தேக்கா காப்பிக் கடையில் அப்பாவின் நண்பர்கள் ஒருவரைப் பற்றிப் பேசும்போது, “அவரு கொஞ்சம் அந்தப் பக்கம்” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வீடு மாற்றுவதுபோல மனிதர்கள் பக்கம் மாற்றுவார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

அன்று நான் யோசித்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. அந்த மாதம்தான் பள்ளியில் எறும்பைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தோம். எறும்புகள் சாரி சாரியாகச் சென்றன. சாரி என்றால் வரிசை. இடதுசாரி என்றால் இடப்பக்க வரிசை. மாமாவும் நண்பர்களும் உட்கார்ந்திருந்தது இடப்பக்க வரிசையில். மேலும், செய்தித்தாளில் இந்தச் சொல் பெரும்பாலும் பன்மையில்தான் வரும். இடதுசாரிகள் எப்போதும் கூட்டமாகச் சேர்ந்து எதையாவது செய்துகொண்டிருப்பார்கள். ஓர் இசைக்குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று எனக்குப் பட்டது. சொல்லில் கையும் இல்லை.

அந்தச் சொல்லே எங்கோ ஐரோப்பாவில் ஒரு சபையில் யார் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து பிறந்தது என்று பல வருடங்கள் கழித்துப் படித்தேன். சொல்லின் வரலாற்றைப் பொறுத்தவரை என் ஊகத்தில் பிழை இல்லை.

கோடு போட்ட தாளில் முத்து முத்தாக எழுதினேன்: ‘இடதுசாரிகள் வழங்கும் இன்னிசை’. வழங்கும் என்பதும் இன்னிசை என்பதும் செய்தித்தாளின் விளம்பரப் பக்கத்திலிருந்து எடுத்தவை.

சனிக்கிழமைப் பயிற்சிக்கு நடுவில் தாளைக் கொண்டுபோனேன். மாமா மூலையில் உட்கார்ந்து கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் எழுதிய எதையும் இன்னொருவரிடம் காட்டாமல் முடித்துவிடக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அப்பா வெளியே போயிருந்தார். ஆகவே டிரம் அண்ணனிடம் நீட்டினேன்.

அவர் படித்தார். கோல்களைத் தொடைமேல் வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். தோள்கள் குலுங்கின, சிரிக்கிறார் என்று எனக்குச் சில நொடிகள் கழித்துத்தான் தெரிந்தது.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“நானேதான் யோசிச்சேன்.”

அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. டிரம் அண்ணன் தாளை மடித்து என் கையில் வைத்தார்.

“சரியாத்தான் இருக்கு. மாத்தாதே,” என்றார்.

அப்போது அவர் மேடைத் தமிழ் பேசவில்லை. அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பெயிண்டர் பஃபலோ ரோட்டில் இருந்தார். பத்தடி வெள்ளைத் துணியில், தீபாவளி என்பதால் தன் விருப்பப்படி சிவப்பில், மழைக்காலம் என்பதால் கரையாத பெயிண்டில், ஒரு முழம் உயரத்துக்கு எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை அது சமூக நிலையத்தின் வேலியில் சாலையைப் பார்த்தபடி ஏறியது. நான் பள்ளிக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை நின்று பார்த்தேன். என் எழுத்துகள் அவ்வளவு பெரிதாக அதற்கு முன்னும் பின்னும் எங்கும் வந்ததில்லை.

அன்று மாலை அப்பா செருப்பைக் கழற்றாமல் முன்னறைவரை வந்துவிட்டார்.

“சன்னலச் சாத்து,” என்றார் அம்மாவிடம். பிறகு மாமாவிடம் திரும்பினார். “யாரு எழுதுனா அத?”

“எத அத்தான்?”

“வெளிய தொங்குதே. செவப்புல.”

“பாப்பாதான் எழுதிக் குடுத்தா. லெஃப்ட் ஹேண்டர்ஸ். ஏன், ஸ்பெல்லிங் தப்பா?”

அப்பா ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் சொன்னார். “லெஃப்டிஸ்ட்ஸ்.”

மாமா சிரித்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். “இடது... சாரியா? ஐயோ, ஸாரி அத்தான்.”

“ஒனக்கு எல்லாம் வெளாட்டு. நான் பென்ஷன் வேலைல இருக்கேன். நாளைக்கு என்னையக் கூப்பிட்டு, ஒங்க வீட்ல யாரு யாரு வந்து பாடுறாங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

“நான் தப்பா எழுதிட்டேனாப்பா?” என்று கேட்டேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். அநியாயமாகப் பேச அவருக்கு வராது. “எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல,” என்றார்.

மாமா கத்தியை எடுத்துக்கொண்டு பதாகையை இறக்க ஓடினார். கால் மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார். துணி இல்லை. வேலியில் நான்கு மூலைக் கயிறுகள் மட்டும் இருந்தன. யாரோ முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் வெட்டியிருந்தார்கள்.

மறுநாள் செயலாளரிடமிருந்து ஆள் வந்தது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் குழுவினர் நால்வரும் நிலையத்துக்கு வர வேண்டும். எழுதியவரும் வர வேண்டும். அனுமதித் தாளை அதுவரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மாமா அன்று இரவு சாப்பிடவில்லை. அம்மா திட்டவில்லை.

வியாழக்கிழமை அப்பா என்னை அழைத்துப் போனார். போகும் வழியில் பாடம் நடத்தினார்.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயாத்தான் எழுதினேன்னு சொல்லு. பொய் சொல்லாத. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். மாமா சனிக்கிழம மேடையேறணுமா, வேணாமா?”

“ஏறணும்.”

“அப்ப கேட்டதுக்கு மட்டும்.”

எங்களை உட்காரவைத்தது மேசைப்பந்து விளையாடும் அறை. வேறு பெரிய மேசை இல்லாததால் அந்தப் பச்சை மேசையையே பயன்படுத்தினார்கள். நடுவில் வலை கட்டியபடியே இருந்தது. ஒரு பக்கம் அரைக்கை வெள்ளைச் சட்டை போட்ட ஓர் அதிகாரி, அவருக்கு முன்னால் ஓர் அட்டைக் கோப்பு. மறு பக்கம் நாங்கள் ஆறு பேர். அவர் நல்ல தமிழ் பேசினார். எனக்கு ஒரு ஆரஞ்சுப் பானம் வரவழைத்துக் கொடுத்தார். எந்த அலுவலகத்திலிருந்து வருகிறார் என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

மாமா வகுப்பறைக் கதையைச் சொன்னார். பெஞ்சு, ஆசிரியை, முழங்கை. அதிகாரி முழுவதையும் கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வலைக்கு மேலாக நீட்டி, ஒவ்வொருவரும் தத்தம் பெயரை எழுதச் சொன்னார். பாடகர் இடது கையால் எழுதினார். சீன நண்பர் இடது கையால் எழுதினார். மாமா மணிக்கட்டை வளைத்து, மை தேயாமல் எழுதினார். மூன்று தடவையும் அதிகாரி பெயரைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

டிரம் அண்ணன் பேனாவை வாங்கிக் கொஞ்சம் தயங்கினார். பிறகு வலது கையால் எழுதினார்.

“நீங்க மட்டும் ஏன் இந்தப் பக்கம்?” என்றார் அதிகாரி.

“டிரம்முக்கு ரெண்டு கையும் வேணும் சார். எந்தக் கை அடிக்குதுன்னு அதுக்குத் தெரியாது.”

அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள், அப்பாகூடச் சிரித்தார். அறையில் காற்று வந்ததுபோல் இருந்தது. அதிகாரி கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் அதுதான் மாமா மூன்று தடவை அலைந்து கொடுத்த விண்ணப்பம் என்று அடையாளம் தெரிந்தது. பேனாவைத் திருகித் திறந்துகொண்டே, பொழுதுபோக்குக்குப் பேசுவதுபோல என்னிடம் கேட்டார்.

“இந்த வார்த்தைய எங்கம்மா புடிச்சே?”

“பேப்பர்ல சார்.”

“அர்த்தம் தெரியுமா?”

“இடது பக்க வரிசைல உக்காந்திருக்கறவங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “கெட்டிக்காரி. எழுதிட்டு யார்கிட்டயாவது காட்டினியா?”

பள்ளியில் ஆசிரியை பார்த்துச் சரி போடாத கட்டுரைக்கு மதிப்பில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் கவனமில்லாமல் எழுதியவள் அல்ல என்று காட்டுவதற்காகவே அந்தக் கேள்வி கேட்கப்பட்டதாக எனக்குத் தோன்றியது. பொய் சொல்லவில்லை, கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன்.

“காட்டினேன் சார். இந்த அண்ணன் ரெண்டு தடவ படிச்சுப் பாத்தாங்க. சரியாத்தான் இருக்கு, மாத்தாதேன்னாங்க.”

அப்பாவின் கை என் முதுகில் இருந்தது. அது அசையவில்லை. மாமா டிரம் அண்ணனைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக அதைக் கேள்விப்படுகிறார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. டிரம் அண்ணன் என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார், நான் தண்ணீர் கொண்டுவரும்போது அசைப்பதுபோல.

“ஆமா சார்,” என்றார். “நான்தான் பாத்துக் குடுத்தேன்.”

அதிகாரி பேனாவை மூடினார். “ஒங்க அப்பா பேரு என்னங்க?”

டிரம் அண்ணன் சொன்னார். அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் போகலாம் என்றார்.

வீடு திரும்பும்போது அப்பா என் கையை வழக்கத்தைவிட இறுக்கிப் பிடித்திருந்தார். மாமாவும் மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள். தேக்கா சந்தைக்கு எதிரில் சாலையைக் கடக்க நின்றபோது கேட்டேன்.

“நான் நல்லா பதில் சொன்னேனாப்பா?”

“கேட்டதுக்குத்தான் சொன்னே,” என்றார்.

வெள்ளிக்கிழமை அனுமதித் தாள் வந்தது. அதில் மூன்று பெயர்கள் இருந்தன. குழுவின் பெயர் இருந்த இடத்தில் ‘மேற்கத்திய இசை’ என்று தட்டச்சு செய்திருந்தது. சனிக்கிழமை மாமா மேடையேறினார். டிரம்ஸுக்குச் சீன நண்பர் தன் ஒன்றுவிட்ட தம்பியைக் கூட்டிவந்தார். அந்தத் தம்பி ஒவ்வொரு பாட்டையும் மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிட்டார். மூன்று பாட்டு. கைதட்டல் சுமாராக இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே அளவாகக் கைதட்டினார். மாமா கடைசிவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு குழு மில்லுக்கு மேலே கூடவில்லை. மாமா கிட்டாரை உறையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தார்.

எனக்குத் தெரியாமல் இருந்ததை எண்பதுகளில் அம்மா சொன்னார். அப்போது நாங்கள் அங் மோ கியோ அடுக்குமாடி வீட்டுக்கு மாறியிருந்தோம். நான் ஒரு செய்தித்தாளில் உதவி ஆசிரியராக இருந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார், யாருடைய கதையையோ சொல்வதுபோல. டிரம் அண்ணனின் அப்பா துறைமுகத்தில் தொழிற்சங்கத்துக்காரர். இடதுசாரி என்று பெயர் வந்தாலே வழக்கில்லாமல் அடைத்துவைத்த காலம்; மகனுக்கு ஏழு வயதாகும்போது அவரையும் வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். சில வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தவர் அதிகம் பேசவில்லை, அதிக நாள் இருக்கவுமில்லை. அவர் பெயர் செய்தித்தாளில் வந்தபோதெல்லாம் பக்கத்தில் அந்தச் சொல் இருந்தது. அந்த வியாழக்கிழமை மாலை நிலையத்தில் நிறுத்திக்கொண்ட மகன் இரண்டு இரவு கழித்து வீட்டுக்கு வந்தார். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. திங்கட்கிழமை பட்டறை வாசலில் அவருடைய பாஸ் செல்லாது என்றார்கள்.

தெரிந்தேதான் அவர் மாற்ற வேண்டாம் என்றார். அது மட்டும் நிச்சயம். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேடிக்கைக்காக இருக்கலாம், இந்த ஊரில் துணியில் எழுதியதை யார் படிக்கப் போகிறார்கள் என்று எண்ணியிருக்கலாம். தன் அப்பாவின் பெயரோடு ஒட்டிவந்த சொல், யாரையும் குற்றம் சொல்லாமல், ஒரு நாளாவது இன்னிசை வழங்கிவிட்டுப் போகட்டும் என்று எண்ணியிருக்கலாம். செய்தியாக எழுதுவதென்றால், தெரிந்தேதான் சொன்னார் என்ற முதல் வரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தீபாவளி கழிந்து மூன்றாவது வாரம் அவர் டிரம்ஸை எடுத்துப்போக வந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். கீழே மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தொண்டை கமறியது. அப்பா உள்ளறையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார், வெளியே வரவில்லை. அம்மா கொடுத்த காப்பியை டிரம் அண்ணன் நின்றபடியே குடித்தார்.

“வேல?” என்றார் அம்மா.

“அக்கரைல, ஜோகூர்ல ஒரு எடத்துல கேட்டிருக்கேன்க்கா. பாப்போம்.”

“இந்த டிரம்ஸெல்லாம்?”

“மாதா கோயில் பசங்களுக்குக் குடுத்துடறேன்.”

நான் அவருக்காகக் காத்திருந்தேன். பள்ளியில் தமிழாசிரியையிடம் கேட்டுச் சரியான சொல்லை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மாமாவும் அவரும் பெரிய டிரம்மை இருபுறமும் பிடித்துக் குறுகிய படியில் இறக்கத் தொடங்கியபோது, நோட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் மேல்முனையில் நின்றேன்.

“அண்ணே, நாம எழுதினது தப்பாம். இடது கைப் பழக்கமுடையோர்னுதான் போட்டிருக்கணுமாம். டீச்சர் சொன்னாங்க. நீங்க சரியாவே பாக்கல.”

“பாப்பா, உள்ள போ,” என்றார் மாமா கீழ்ப்படியிலிருந்து. அவர் என்னை அதட்டியது அதுவே முதல் தடவை.

“இருக்கட்டும் லா,” என்றார் டிரம் அண்ணன். டிரம்மைப் படியில் சாய்த்து, முழங்காலால் அணைகொடுத்துவிட்டு, மேலே நீட்டிய நோட்டை வாங்கினார். ஒரே ஒரு வரிதான். அதைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

“இதுதான் சரி பாப்பா,” என்றார். “எனக்குத் தமிழ் அவ்வளவா வராது.”

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிரம்மைத் தூக்கினார். அவர்கள் ஒவ்வொரு படியாக இறங்கிப்போனார்கள். தமிழ்ப் பள்ளியில் படித்தும் இப்படி இருக்கிறாரே என்று நினைத்தேன். தினமும் ஒரு பத்தியாவது உரக்கப் படித்தால் சரியாகிவிடும். அடுத்த தடவை வரும்போது சொல்ல வேண்டும். தவறை ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதால் அவர்மேல் எனக்கு இருந்த கோபமும் போய்விட்டது. அவரை மன்னித்துவிட்ட திருப்தியோடு நான் உள்ளே போனேன்.